கோப்பின் மேலே குத்திய சீட்டு

விசாரணை ஆணைய அலுவலகத்தில் அவரை எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. வாக்குமூலங்கள் பொதுமக்கள் படிக்கும் அறைக்குப் போகுமுன், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்று நகலெடுத்து, அந்த நகலைத்தான் அனுப்புவார். அவர் அடித்த பெயரை இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. மனுஷருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால்கூட இவருக்குக் கை துறுதுறுக்கும் என்று மனைவி கேலி செய்வாள்.

தொழிற்சாலைத் தீ விபத்து விசாரணையில், அங்கே வேலை பார்த்த அவருடைய அக்கா சாட்சி சொன்னாள். முதலாளி சொல்லித்தான் பின்கதவைப் பூட்டினார்கள் என்று, மூடிய அறையில், நீதிபதியிடம் மட்டும் சொன்னாள். அதற்குமுன் அதே கதவைப் பற்றி வெளியில் வாய் திறந்த காவலாளி ஒரே வாரத்தில் காணாமல் போயிருந்தான்.

"என் பேரு வெளிய வராதுல்ல?"

"நான் இருக்கேன்ல அக்கா, எதுக்குப் பயப்படுற?"

ஏழாம் சாட்சியான அவளுடைய கோப்பு இவர் மேசைக்கே வந்தது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. இவரோ விதிக்காக உயிரை விடுகிற ஆள். ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பின் மேலே குத்திப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தார். அவள் வரி விடாமல் மை அடித்ததைப் பார்த்தபிறகு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை பொதுமக்கள் படிக்கும் அறைக்குத் தொழிற்சாலை மேலாளர் வந்தார். தினமும் வருகிறவர்தான். கறுப்புக் கோடுகளைப் பார்த்து அலுத்துப்போய் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அன்று ஒரே தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு முறை வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். மைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

அது வாக்குமூலம் இல்லை. அவருடைய சீட்டு. 'ஏழாம் சாட்சி என் உடன்பிறந்த அக்கா. ஆகவே இக்கோப்பை நான் கையாளவில்லை.' கீழே அவருடைய முழுப் பெயர். கோப்பிலுள்ள தாள் ஒவ்வொன்றையும் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். ஊழியர் பெயரை அடிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. இவரே அடித்திருந்தாலும் அதை அப்படியேதான் விட்டிருப்பார்.

மேலாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு ஒரே அக்காதானே சார்?"

மைக்காரர் வராந்தாவுக்கு ஓடினார். அக்காவுக்கு போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்டா," என்றாள் அக்கா. "உன் ஆபீஸ்காரங்கன்னு ரெண்டு பேர் வந்திருக்காங்க. உன் பேரச் சொன்னாங்களா, அதான் கதவத் தொறந்து உள்ள உக்கார வச்சிருக்கேன்."