ஒக்-புன் தத்துவத் துறைக்கு வேலை தேடிய கதை

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையின் அலுவலக உதவியாளர் மா ஒக்-புன். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி. அது அவள் உடம்புக்கு ஏற்றபடி வளைந்து, வேறு யார் உட்கார்ந்தாலும் துப்பிவிடும்.

ஒரு வருஷம் சியோலிலிருந்து மதிப்பீட்டுக் குழுவின் கடிதம் வந்தது. அந்த வருஷம் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேராவது டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் துறைக்குப் பூட்டு. துறை போனால் நாற்காலியும் போகும். பட்டம் வாங்கியவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி மட்டும் பொதுக் குளியல் கூடத்தில், வருகிறவர்களுக்குக் கூலிக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒருத்தன் போதும் சார்," என்றாள் ஒக்-புன், துறைத் தலைவர் பியோவிடம்.

"நம்ம பசங்களை யாரும்மா எடுப்பாங்க? என்னையே எடுக்க மாட்டாங்க."

"உங்களை யாரு கேட்டா?"

அவள் தம்பி விலாங்கு மீன் சுட்டு விற்கும் கடை வைத்திருந்தான். அவனை மிரட்டி ஓர் ஆளுக்கு வேலை வாங்கினாள். ஆனால் கைக்குக் கிடைத்த பட்டதாரி கியு-சொல், கதவு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று யோசித்தபடி நான்கு மாதமாக அறையை விட்டே வரவில்லை. டிசம்பர் முப்பதாம் தேதி காலை ஒக்-புன் திருப்புளியோடு போய், கதவைக் கழற்றி முதுகில் தூக்கிக்கொண்டாள்.

"இப்போ கதவே இல்லடா. வெளிய வா."

"அக்கா, குளிருது!"

"கடையில அடுப்பு இருக்கு."

மறுநாள், வேலையில் இருப்பதற்குச் சாட்சியான ஊழியர் காப்பீட்டில் அவன் பெயர் ஏறியது. துறை தப்பியது.

கியு-சொல் சும்மா சுடவில்லை. தான் விலாங்கு என்பது விலாங்குக்குத் தெரியுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டே சுட்டான். கூட்டம் அம்மியது. வரிசையின் வால் பக்கத்து ஊரில் இருந்தது. வாலில் சந்தித்த இருவர் கல்யாணம் முடித்து, கைக்குழந்தையோடு கடைக்குள் நுழைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆள் போதாமல் அவன் ஜூனியர்களைக் கூப்பிட, மார்ச்சுக்குள் பதினேழு மாணவர்களில் பதினொரு பேர் படிப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

சியோலிலிருந்து அடுத்த கடிதம்: படிப்பை இடையில் விட்டவர்கள் அதிகம். பூட்டு.

"வேலைக்குப் போகலேன்னாலும் தப்பு, போனாலும் தப்பா?" என்று பியோ கத்தினார்.

"போனது தப்பில்ல சார். அவசரப்பட்டுப் போனதுதான் தப்பாம்."

ஒக்-புன் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு நேரே தம்பி கடைக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கத் தம்பிக்குத் தைரியம் இல்லை.

முதல் நாளே ஒருவர் சாப்பிட்டு முடித்து, செல்பேசியில் கடைக்கு நட்சத்திரம் போடப் போனார். ஒக்-புன் இடுக்கியால் அவர் விரலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மார்க் போடறதுன்னா சியோலுக்குப் போங்கய்யா. இங்க திங்க மட்டும்தான்."