பேர் வெட்டிய திங்கட்கிழமை

எனக்கு ஐந்து வயது நடந்தபோது என் பேரை வெட்டிவிட்டார்கள். வேலைக்கே போகாத பிள்ளையின் பேரை யார் வெட்டப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறக்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். எங்களுக்குப் பேர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளதல்ல. மலைக்குப் போய் ஒரு நாள் கொழுந்து பறித்தால் அது ஒரு பேர். பாதியில் திருப்பி அனுப்பிவிட்டால் அரைப்பேர். தோட்டத்துப் புத்தகத்தில் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் பேர் பதிந்தாயிற்று. பிடிக்காமல் துரத்திவிட்டால் பேர் வெட்டியாயிற்று. அ, ஆ தெரிவதற்கு முன்பே இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனா, ஆவன்னா தெரிந்த பிறகும் இவ்வளவு தெளிவாக வேறொன்றையும் நான் படித்ததாக ஞாபகமில்லை.

கொஸ்லந்தப் பாதையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்காம்பரா, தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் ஒரு பாதியில் தொட்டில்கள். மறுபாதியில் எங்களைப் போன்ற பெரிய மனிதர்களுக்கு முன்பள்ளி. முன்பு இருந்த டீச்சர் ஒரு தடியை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லித் தருவார். நாங்கள் கத்துவோம். தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அவர்களும் கத்துவார்கள். நல்ல படிப்பு நடக்கிறது என்று, குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.

புது டீச்சர் வந்ததும் அந்தத் திருப்தி போயிற்று. பதுளையில் பயிற்சி முடித்த கையோடு வந்தவர். பெரகலயில் ஒரு வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் வந்து ஏறுவார். வந்த முதல் வாரமே தடியை இரண்டாக முறித்துச் சேற்றில் நட்டு, நிழல் எங்கே விழுகிறது பாருங்கள் என்றார். அடிக்கிற தடியை ஒருவர் இப்படியும் பயன்படுத்துவாரா? பிறகு ஒரு மூலையில் கடை வைத்தோம், இன்னொரு மூலையில் அடுப்பு வைத்தோம். தேங்காய்ச் சிரட்டையில் தராசு கட்டி, தேயிலை விதைக்கு எதிரே சோடா மூடி வைத்து நிறுத்தோம். களிமண்ணில் எழுத்துச் செய்து வெயிலில் காயவைத்தோம். நான் வீட்டுக்கு வரும்போது தலையிலிருந்து கால்வரை மண். "வெளையாடுறதுக்கு லயத்து வாசல் போதாதா, இதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று அம்மா சட்டையைக் கும்மிக்கொண்டே கேட்பாள்.

டீச்சர் செய்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்தது பேர்ப்பலகைதான். சுவரில் ஒரு பலகை, பலகையில் இருபது ஆணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் எழுதிய அட்டை. எழுத்துத் தெரியாவிட்டாலும் அடையாளம் தெரியவேண்டும் என்று, பிடித்த ஒரு சாமானை அட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். நான் டர்ப்பன்டைன் மரத்துக் காயை ஒட்டினேன். என் பேர் புவனேஸ்வரி. வகுப்பிலேயே நீளமான பேர். ஓர் அட்டை போதாமல் டீச்சர் இரண்டை ஒட்டித்தான் எழுதினார். எனக்கு அதில் சொல்லமுடியாத பெருமை. காலையில் வந்ததும் கூடைக்குள்ளிருந்து அவரவர் அட்டையை எடுத்து அவரவர் ஆணியில் மாட்டவேண்டும்.

அது பேர்ப்பலகை என்று டீச்சர்தான் சொன்னார். எங்களுக்கு அது பெரட்டு. விடிந்ததும் பெரியவர்கள் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். நாங்களும் பேர் கொடுத்துவிட்டுக் களிமண்ணுக்குப் போனோம். பக்கத்து ஆணிக்காரப் பையன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பேர் பதிகிற கணக்கப்பிள்ளை ஆகிவிடுவான். பிந்தி வருகிற பிள்ளைகளைப் பார்த்து, "ஒனக்கு இன்னக்கி அரைப்பேருதான்" என்பான். அரைப்பேர் என்றால் என்னவென்று டீச்சர் ஒருநாள் கேட்டார். பதுளையில் படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நாங்கள் அவருக்காக வெட்கப்பட்டோம்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அம்மா மலைக்குப் போகவில்லை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. சனிக்கிழமை பின்னேரம் கணக்கப்பிள்ளை, நிஜக் கணக்கப்பிள்ளை, லயத்துக் கோடியில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமையும் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவாராம். போர்வைக்குள் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. என்னை முன்பள்ளியில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள்.

டீச்சர் இன்னும் வந்திருக்கவில்லை. பஸ் பிந்திவிட்டது. தொட்டில் ஆட்டுகிற ஆயம்மாதான் இருந்தார். நான் கூடையில் கைவிட்டேன். என் அட்டை இல்லை. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாருடைய அட்டையும் கிடந்தது. சோடா மூடி, கோழி இறகு, பீங்கான் துண்டு எல்லாம் கிடந்தன. டர்ப்பன்டைன் காய் மட்டும் இல்லை. ஆணியைப் பார்த்தேன். ஆணி வெறுமனே இருந்தது.

பக்கத்து ஆணிக்காரன் வந்து நின்றான்.

"ஒன் பேரு இல்ல. வெள்ளிக்கிழமையே வெட்டிட்டாங்க. நாங்கெல்லாம் பாத்தோம்."

அவன் பொய் சொல்கிறான் என்று ஆயம்மாவைப் பார்த்தேன். ஆயம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "ஆமா தங்கம், வெட்டிட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை நிலைகுலைய வைத்தது. பேர் வெட்டினால் யாராவது சிரிப்பார்களா? மூன்று நாள் வராமல் நின்றேன், வெட்டிவிட்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு அழுகைகூட வரவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து, அம்மாவைத் தேடி ஏழாம் நம்பர் மலைக்கு ஓடினேன்.

ஐம்பது அறுபது பெண்கள் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ரோட்டில் கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைத் தூரத்தில் கண்டதுமே அம்மா கூடையோடு இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியதில் எனக்கு முழுசாகப் பேச வரவில்லை.

"அம்மா, பேர வெட்டிட்டாங்க."

யாருடைய பேர் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை. வெட்டுப்பட்டு நிற்பவள் நான்தானே, பார்த்தாலே தெரியாதா?

"யாருடி சொன்னா?"

"பிள்ளக்காம்பராவுல. எல்லாருக்கும் தெரியுமாம். வெள்ளிக்கிழமையே வெட்டிட்டாங்களாம்."

ஆபீசில் நடப்பது பிள்ளைக்காம்பராவுக்குத்தான் முதலில் தெரியும். அது அம்மாவுக்கும் தெரியும். அம்மா தலையிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கூடையை அப்படியே போட்டாள். கொழுந்து ரோட்டில் சிதறியது. அம்மா கொழுந்தைச் சிந்தி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளைக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நின்றும் பார்த்ததில்லை.

"மூணு நாளு பிள்ளைக்குக் காச்சல்னு வராம நின்னதுக்கு எம் பேர வெட்டிட்டீங்க, ஐயா. நல்லது. பக்கத்துக் காம்பராக்காரிய குளவி கொட்டி அவ தரையில உருண்டப்ப, நிரைய முடிச்சிட்டு அப்பறமா தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னீங்களே, ஒங்க பேர யாரு வெட்டுறது?"

அந்த மலையில் ஒரு கை அசையவில்லை. அம்மா சொன்னது எங்கள் பக்கத்துக் காம்பராச் சின்னம்மாவை. அதற்கு முந்திய வருஷம் அவளைக் குளவி கொட்டியது எனக்கும் தெரியும். கொழுந்து லொறியில் ஏற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பெரகலயைத் தாண்டும்போது செத்துப்போனாள். அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் இருந்தது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாப் பெண்களும் ஆமென்று தலையை ஆட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள். ஆக, அவ்வளவு பேர் பார்த்த ஒன்றை ஒரு வருஷம் கழித்து ஒருத்தி வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

கணக்கப்பிள்ளைக்கும் அதிர்ச்சிதான். பிறகு கக்கத்திலிருந்த புத்தகத்தைப் பிரித்தார்.

"ஒன் பேர யாரு வெட்டுனது? இந்தா இருக்கு பாரு."

அம்மா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் அவர் பேனாவை எடுத்து, புத்தகத்தைத் தொடையில் வைத்து, நீல மையால் ஒரு கோடு போட்டார். "இப்ப வெட்டியாச்சு. இனி துரைகிட்டப் பேசிக்க" என்றார். பேர் வெட்டுவது என்றால் இவ்வளவுதானா? கத்தியோ கோடாலியோ எதையோ நான் எதிர்பார்த்திருந்தேன் போல. ஒரு கோட்டைப் போட அவருக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் டீச்சர் எங்களைத் தேடி ஓடி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையைக் காணோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு கடித உறை. என்னைக் கண்டதும் சிரித்து, உறையைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். பு, வ, னே, ஸ், வ, ரி. என் பேர், கத்தரிக்கோலால் எழுத்து எழுத்தாக வெட்டப்பட்டு.

"புது வெளையாட்டுக் கண்ணு. பேர வெட்டி, கலைச்சுப் போட்டுத் திரும்பச் சேக்கிறது. ஒன் பேருதான் நீளம், அதான் ஒன்னோடத மொதல்ல வெட்டுனேன்" என்றார்.

அம்மா அந்த ஆறு துண்டையும் பார்த்தபடியே நின்றாள். நடந்ததை என்னிடமிருந்து துண்டுதுண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் டீச்சர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடி விழப்போகிறது என்று தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, அம்மா டீச்சரின் கையிலிருந்து துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல டீச்சர், எந்திரிங்க" என்றாள்.

அன்று பின்னேரம் எங்கள் காம்பராவில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். தொழிற்சங்கத்துத் தலைவர் வந்திருந்தார். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா வந்திருந்தார். பக்கத்துக் காம்பராச் சித்தப்பா, அதாவது செத்துப்போன சின்னம்மாவின் புருஷன், உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். தலைவர் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். காரியம் சுலபம் என்றார். காய்ச்சல்காரப் பிள்ளை எதையோ கேட்டுவிட்டு வந்து உளறியது, அதை நம்பி வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று அம்மா நாளைக்குப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கோடு போட்ட பேரை மறுபடி எழுதிவிடுவார்கள். நடந்ததை விளக்கி டீச்சரும் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்.

"பிள்ள தப்பாச் சொன்னது உண்மதானே. அதச் சொல்றதுல என்ன கொறஞ்சிரப் போற?" என்று பெரியப்பா கேட்டார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுப்பு மூலைக்கு நகர்ந்தேன். நாளைக்குப் பெரட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் என்னை நிறுத்தப்போகிறார்கள், இவள்தான் உளறியவள் என்று காட்டப்போகிறார்கள் என்று எனக்குப் பயம்.

அம்மா தலை குனிந்தபடியே சொன்னாள்.

"பிள்ள சொன்னதுதான் தப்பு. நான் சொன்னது தப்பில்ல. வாய் தவறிப் பேசுனேன்னு சொன்னா அதுவும் பொய்யாப் போயிரும். அன்னக்கி குளவி கொட்டுனப்ப அவ என் பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிட்டா. அடுத்த நிரையிலதான் நின்னேன். போகல. எம் பேர வெட்டிருவாங்கன்னு பயந்து போகல."

பெரியப்பா எழுந்து போய்விட்டார். தலைவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் பேர் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை. நாட்டுப் பக்கத்து, அதாவது சிங்களக் கிராமங்களின், சின்னத் தோட்டங்களுக்கு, அன்றன்றைக்குக் கூலி தருகிற கைக்காசு வேலைக்கு நடந்தாள். மழையில் நனைந்து வந்த நாளிலும் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்தத் திங்கட்கிழமையை இன்று நினைத்தாலும் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. ஆனால் அன்று அந்தக் காம்பராவில் என்னைப்போல் நிம்மதியாக யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அம்மா பேசியதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். என்னைப் பெரட்டில் நிறுத்தமாட்டார்கள். அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள்.

வாசலைப் பார்த்தேன். சித்தப்பா நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரிய ஆம்பிளை அப்படி அழுவதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கிட்டப் போய் அவர் முழங்காலைத் தொட்டுச் சொன்னேன்.

"அழாதீங்க சித்தப்பா. என்னய அடிக்க மாட்டாங்களாம்."