ஏழுக்கு மேல் இரண்டு

அந்த நல்லெண்ணெய் நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. போன வருஷம் என் மகளின் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியைச் சொல்கிறேன்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவள். எங்கோ தொலைவில் ஒரு சிவப்பு நட்சத்திரத்தை ஏழு கோள்கள் சுற்றுகின்றனவாம். அதை அப்படியே களிமண்ணில் செய்து, எங்கள் பட்டறைச் சூளையில் சுட்டு வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. நாலாவதில் தண்ணீர் இருக்கலாம் என்று சொல்லி, அதற்கு மட்டும் தன் கையாலேயே நீலம் பூசினாள். ஒரு மாதம் அதே வேலைதான். மாவட்டப் போட்டிக்குப் போயே தீருவேன் என்றாள்.

கண்காட்சி அன்று காலை அவள் முகம் கழுவப் போன நேரம் தலைமை ஆசிரியர் வந்து மேசையைப் பார்த்தார்.

"என்னம்மா, ஏழுதான் இருக்குது? நவக்கிரகம்னா ஒம்போது வேணாமா? வர்றவங்க சிரிப்பாங்க."

"இது நம்ம சூரியனோடது இல்லீங்க சார். வேற எங்கயோ இருக்குதாம்."

"எங்க இருந்தா என்னம்மா, கிரகம் கிரகம்தான். வேற உருண்டை இருக்குதா?"

உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு உபரி உருண்டைகள் என் பையில் கிடந்தன. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்குதுங்க சார்" என்று பல்லை இளித்துக்கொண்டு எடுத்து நீட்டினேன். தூ!

அதோடு விட்டாரா? ஒன்பதுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் எள் விளக்கு. எண்ணெய் வழிந்து, நீலத்தின் மேல் குங்குமம் சிவப்புச் சேறாக அப்பிக்கொண்டது. அதில் ஈ மொய்த்தது. மகள் திரும்பி வந்து திகைத்து நிற்கும்போதே நடுவர் வந்துவிட்டார்.

அவர் விளக்க அட்டையைப் படித்தார். உருண்டைகளை எண்ணினார்.

"ஏழுன்னு எழுதிட்டு ஒம்போது வெச்சிருக்கியேம்மா? என்ன செய்றோம்னே தெரியாம செஞ்சிருக்க."

மகள் வாயைத் திறக்குமுன் தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "சின்னப் பொண்ணு சார், எண்ணத் தெரியல."

வெட்கங்கெட்ட மனுஷன்! பக்கத்தில் நின்ற நான் மட்டும் என்ன, பெரிய யோக்கியமா? விளக்குத் திரியைத் தூண்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நடுவர் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்த நீல உருண்டையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் தலைமை ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். "சீ, அவனெல்லாம் ஒரு வாத்தியாரா!"

"அந்த ரெண்டும் உன் பையிலதானம்மா இருந்துச்சு" என்றாள்.

முன்சீட்டு காலியாக இருந்தது. உருண்டையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள்.