நாலரை ஸ்டார் டிஸ்க்கில் வேர்வை இல்லை

1. திரையைத் தொடாதே

கொச்சி மட்டாஞ்சேரியில் யார் வீட்டுக்குப் பெரிய டி.வி. வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். சுவரில் மாட்டுவது கம்பெனி ஆட்களின் வேலை. அவர்கள் துளை போட்டு, மாட்டி, சாயா குடித்துவிட்டுப் போன பிறகு என் வேலை தொடங்கும். கலர், பிரைட்னஸ், ஷார்ப்னஸ், மோஷன் என்று மெனுவுக்குள் புகுந்து படத்தைப் படமாகத் தெரிய வைக்க வேண்டும். கடையில் பக்கத்து டி.வி.யைத் தோற்கடிக்க எல்லாவற்றையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதே செட்டிங்கில் வீட்டில் பார்த்தால் கதாநாயகன் முகம் தக்காளிப்பழம் மாதிரி இருக்கும். ஆனாலும் பாதிப்பேர் அதுதான் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு வந்த முதல் கம்ப்ளெயின்ட் இன்னும் ஞாபகம் இருக்கிறது. போனில் ஒரு பெண்மணி, "படத்துக்கு நடுவுல மஞ்சளா ஒரு புள்ளி வருது. எந்தச் சேனல் வச்சாலும் வருது. பேனல் போயிருச்சா?" என்று அழாக்குறையாகக் கேட்டார். பதறிக்கொண்டு போனேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, திரையின் நட்டநடுவில் காய்ந்து உட்கார்ந்திருந்தது.

"நீங்க வச்ச பொட்டுதானே இது?"

"வச்சோம். குங்குமம் உதிர்ந்துருச்சு, அதான் பொட்டுன்னே தோணல."

இந்தக் காலத்துத் திரைகளுக்கு மேல் மெல்லிய பூச்சு உண்டு. சந்தனம், விரல், ஈரத்துணி, முந்தானை எதுவும் ஆகாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்: என் கண் முன்னால் யாரும் திரையைத் தொடக் கூடாது. தொட்டால் கத்துவேன். கைக்குழந்தையிடமும் கத்தியிருக்கிறேன், வார்டு கவுன்சிலரிடமும் கத்தியிருக்கிறேன். "செல்வி நல்லா வேலை செய்வா, ஆனா வாய் கொஞ்சம்" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லட்டும்.

2. மூன்றாவது மூட்டை

போன வருஷம் சுப்பையா அண்ணாச்சி கூப்பிட்டார். கொச்சங்காடியில் அவருக்குச் சுக்கு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருந்தது. இப்போது மகன் பார்க்கிறான். அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே நிலைத்த குடும்பம். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகத்தான் வீட்டில் பேச்சு நடக்கும்.

"தாயி, எனக்கு எழுபது ஆகுது. ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரும் வாராங்க. டி.வி. வாங்கியாச்சு. நீ வந்து சரியாக்கிக் குடுக்கணும். ஒண்ணே ஒண்ணுதான், என் மூஞ்சி தெரியணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டி.வி.யில் இவர் மூஞ்சி எப்படித் தெரியும்?

அவர் மனைவி கோமதி அக்கா சமையலறையிலிருந்தே பதில் சொன்னார். "சினிமாக்காரருல்லா! தெரியாதா ஒனக்கு? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ தரகர் அப்படித்தான் சொன்னாரு. மாப்பிள்ளை சினிமாவுல நடிச்சிருக்காருன்னு. எங்க ஊரே வந்து வாசல்ல நின்னுச்சு. வந்து பார்த்தா சுக்கு மூட்டை!"

விஷயம் இதுதான். அண்ணாச்சி வாலிபத்தில் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் ஒரு மலையாளப் படம் எடுத்தார்கள். கதாநாயகன் நடந்து வர, பின்னால் மூட்டைக்காரர்கள் வரிசையாகப் போக வேண்டும். நிஜ மூட்டைக்காரர்களையே நடக்கவிட்டார்கள். "வரிசையில மூணாவது மூட்டை நான்" என்பது அண்ணாச்சியின் வாக்கு. தியேட்டரில் அந்தப் படம் வந்த வேகத்தில் போய்விட்டது. டி.வி.யில் போடும்போதெல்லாம் பிரின்ட் தேய்ந்துபோய், மூன்றாவது மூட்டைக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அந்தத் திட்டைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் யாராவது பொய் சொன்னால், "மூணாவது மூட்டை விடாதே" என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

இப்போது அந்தப் படத்தைப் புதுப்பித்து ப்ளூ-ரே டிஸ்க் போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு இது வாழ்நாள் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

3. நாலரை ஸ்டார்

டிஸ்க் வாங்கி வந்தது மருமகன் ராஜேஷ். களமசேரியில் கம்பெனி வேலை. செருப்பு வாங்கினாலும் ரிவ்யூ படித்துத்தான் வாங்குவான்.

"செல்விக்கா, பிக்சர் குவாலிட்டிக்கு நாலரை ஸ்டார்! தொழில்முறையா எழுதுற ஆளு. 'கண்ணாடி போலச் சுத்தமான படம்'னு எழுதியிருக்கான்."

சனிக்கிழமை காலையில் டி.வி.யைச் செட் பண்ணி முடித்து டிஸ்க்கைப் போட்டோம். சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. கொச்சங்காடித் தெரு வந்தது. கதாநாயகன் வந்தார். பின்னால் முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. நிறுத்தினேன்.

மூட்டை அருமையாக இருந்தது. அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஏதோ இருந்தது. இட்லி மாவில் யாரோ இரண்டு குழி வைத்த மாதிரி.

எனக்கு வந்த முதல் எண்ணம், டி.வி.யில்தான் கோளாறு. நாலரை ஸ்டார் வாங்கிய டிஸ்க் எப்படித் தப்பாகும்? மோஷன் செட்டிங்கை மறுபடி பார்த்தேன். ஷார்ப்னஸை ஏற்றினேன், இறக்கினேன். கேபிளை மாற்றினேன். பிளேயரை மாற்றினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முகம் மாவாகவே இருந்தது. பயல் ஒருவன் எங்கோ உட்கார்ந்து ஸ்டார் போட்டதற்கு, நான் இங்கே நல்ல மெஷினைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒருவேளை நான்தான் தப்பாச் சொல்லுதேனோ? மூணாவது ஆளு வேற யாராவது இருக்குமோ?" என்றார்.

ஊரே சிரித்தபோது அசராத மனுஷன், ஒரு டிஸ்க்கைப் பார்த்துத் தன்மேலேயே சந்தேகப்படுகிறார். கோமதி அக்காவும் கேலி செய்யவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏட்டி செல்வி, கொஞ்சம் பின்னால போட்டு ஓடவிடு."

ஓடவிட்டேன்.

"இவனுகளுக்கு ஏன் வேர்க்கவே இல்ல?"

"என்னக்கா?"

"கொச்சங்காடியில உச்சி வெயிலு. சுக்கு மூட்டை சுமக்கானுவ. ஒருத்தன் மூஞ்சியிலயாவது ஒரு சொட்டு வேர்வை இருக்கா பாரு. பவுடரு போட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புன மாதிரில்லா இருக்கானுவ! இந்த மனுஷன் அந்தக் காலத்துல வீட்டுக்கு வந்தா சட்டையைப் பிழிஞ்சுதான் காயப்போடணும்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

பிலிமில் எடுத்த படத்தில் பொடிமணல் மாதிரி ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் அதற்குக் கிரெய்ன் என்று பெயர். அது அழுக்கு இல்லை, படமே அந்த மணலில்தான் இருக்கிறது. டிஸ்க் தயாரிக்கும்போது நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்றைப் போட்டு அதைத் துடைக்கலாம். அளவாகத் துடைத்தால் சரி. அளவு மீறினால் மணலோடு சேர்ந்து வேர்வை, தாடி, சுருக்கம், தூரத்தில் இருப்பவனின் மூக்கு எல்லாம் போய்விடும். கதாநாயகனுக்குக் கவலை இல்லை, குளோசப்பில் தப்பித்துவிடுவார். மாட்டிக்கொள்வது மூன்றாவது மூட்டைதான்.

"ராஜேஷ், அந்த ரிவ்யூவை முழுசா வாசி. ஸ்டாரை விடு. கீழே என்ன எழுதியிருக்கு?"

போனை எடுத்து வாசித்தான். கடைசிப் பத்திக்கு வந்ததும் குரல் இறங்கியது. "'பின்னணியில் நிற்பவர்களின் முகங்கள் சற்று மெழுகு போலத் தெரிகின்றன. ஆனால் பெரும்பாலான பார்வையாளர்களுக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது.'"

"அவனுக்கு என்ன பொருட்டு?" என்றார் கோமதி அக்கா. "அங்க மூட்டை தூக்குறது அவன் மாமனாரா?"

ராஜேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணாச்சி சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

4. சாயா கிளாசுக்கு அடியில்

இதே படத்துக்குப் பல வருஷம் முன்பே இன்னொரு கம்பெனி டிஸ்க் போட்டிருந்தது, அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் ரிவ்யூவை ராஜேஷ் தேடி எடுத்தான். இரண்டரை ஸ்டார். "திரை முழுக்கக் கிரெய்ன் ஊர்கிறது. கூட்டத்தில் போகிறவனின் தாடிமயிரைக்கூட எண்ணிவிடலாம், ஆனால் இந்த இரைச்சலை யார் பொறுத்துக்கொள்வது?" என்று எழுதியவர் நொந்துபோயிருந்தார்.

"இதுதான்டா எனக்கு வேணும்!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் குறை என்று சொன்னது எனக்கு வரம். ரிவ்யூ எழுதிய இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்கள். ஸ்டார் மட்டும் அவரவர் ருசிக்குப் போட்டது.

அந்தப் பழைய டிஸ்க் கடையில் கிடைக்காது. வைப்பின் தீவில் பென்னி சேட்டன் என்று ஒரு டிஸ்க் பைத்தியம் இருக்கிறார். வீடு முழுக்க அலமாரிதான். படகு பிடித்துப் போனேன். கேட்டதும் சிரித்தார்.

"அய்யோ செல்வி, அதா? அதுக்கு ரெண்டரை ஸ்டாரல்லே! நான் அதைப் பார்த்ததே இல்ல."

"வச்சிருக்கீங்களா, தூக்கிப் போட்டுட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

அவர் தன் முன்னாலிருந்த சாயா கிளாசைத் தூக்கினார். அடியில் அந்த டிஸ்க்கின் பெட்டி இருந்தது. மூடியில் வட்டம் வட்டமாகச் சாயாக் கறை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே டிஸ்க் ஒரு கீறல் இல்லாமல் மின்னியது. கடவுளே என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவரை மனசாரத் திட்டிவிட்டுப் படகேறினேன்.

5. தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியதும் ஒரு சித்தப்பா, "என்ன, படம் பொரிபொரியா இருக்கு? டி.வி. பழசா?" என்றார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் ஆகிவிட்டார்.

தெரு வந்தது. கதாநாயகன் வந்தார். முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை. மூன்றாவதில் நிறுத்தினேன்.

மூட்டைக்குக் கீழே ஒரு பையன். வரிசையில் மற்றவர்கள் தரையைப் பார்த்து நடக்க, இவன் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். நெற்றியிலிருந்து வேர்வை கன்னத்தில் வழிந்து, தாடையில் ஒரு சொட்டு நிற்கிறது. அரும்புமீசை தெரிகிறது. அண்ணாச்சியின் இடது புருவத்தில் இன்றைக்கும் இருக்கிற வெட்டுக்காயம் தெரிகிறது.

வீடே ஓவென்று கத்தியது. பேரப்பிள்ளைகள் அண்ணாச்சியின் மேல் விழுந்தார்கள். "நான் சொன்னேன்லா! மூணாவதுன்னு சொன்னேன்லா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ராஜேஷ் அங்கேயே போனை எடுத்து அந்த டிஸ்க்குக்கு ஐந்து ஸ்டார் போட்டு, "என் மாமனார் தெளிவாகத் தெரிகிறார்" என்று எழுதிவிட்டான். படிக்கிறவர்கள் குழம்பினால் குழம்பட்டும்.

கோமதி அக்கா எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார். அந்தப் பையனை உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சிரிப்பேதான். பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படியேதான் ஈன்னு இளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பாவம், எம்புட்டு வேர்க்குது பாரு இந்தப் புள்ளைக்கு."

சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்துத் திரையில் அந்த முகத்தைத் துடைத்தார். கத்த வாயெடுத்த நான், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

டிஸ்க் வாங்குகிற பிள்ளைகளே, ரிவ்யூ படியுங்கள். ஸ்டாரை எண்ணாமல் கடைசிப் பத்திவரை படியுங்கள். உங்களுக்கு யார் முகம் தெரிய வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். டிஸ்க்கைப் போட்டதும் வேர்வை இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா அழுத்தி அழுத்தி இரண்டு தடவை துடைத்தார். அந்தச் சொட்டு போகவே இல்லை.