சர்க்கரையம்மா தேனோடு பட்ட பாடு

தொழிற்சாலையில் அவளுக்குச் சர்க்கரையம்மா என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்வார்கள். "எவ்வளவு நாளாம்மா இருக்கு? மாத்திரையா, ஊசியா?" என்று விசாரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்த கணக்காளர் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் கசப்புச் சாறு ஒன்றைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து, வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லிக் கையில் திணித்துவிட்டே போனார்.

அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. சர்க்கரை இருந்தது அவள் கணவருக்கு. அவள் உணவு அறிவியல் படித்தவள். தொழிற்சாலையின் சோதனைச் சமையலறை அவள் பொறுப்பு. எஃகு மேசை, ஜன்னலோரம் ஒரு தராசு, இரண்டு அடுப்பு, ஒரு சின்ன ஓவன், "இதிலிருப்பது உங்கள் மதியச் சாப்பாடு அல்ல" என்று எழுதி ஒட்டிய ஃபிரிட்ஜ். அங்கே நின்றுகொண்டுதான் குளிர்பானத்துக்கும் பிஸ்கட்டுக்கும் ஜாமுக்கும் எவ்வளவு சர்க்கரை என்று அவள் முடிவு செய்தாள். சர்க்கரையின் மேல் அவளுக்குத் தனி மரியாதை. சொன்ன பேச்சைக் கேட்கும், கரை என்றால் கரையும், கெட்டியாகு என்றால் கெட்டியாகும். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

இந்த நிம்மதியைக் கெடுக்க வந்தவர் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர். கல்யாணத்தன்று ஆரம்பித்த அந்தப் பெயர், தலையில் வழுக்கை விழுந்த பிறகும் அவரை விடவில்லை. வாசல் காவலாளிகூட "வணக்கம் மாப்பிள்ளை சார்" என்றுதான் சல்யூட் அடிப்பார். அவர் ஒருமுறை உணவுத் துறைக்காரர்கள் கூடிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது பெட்டி நிறையத் தேன் பாட்டில்கள்.

"அம்மா, உலகமே தேனுக்கு மாறிடுச்சு. நாம மட்டும் இன்னும் சர்க்கரையைக் கட்டிக்கிட்டு அழறோம்."

"எதுல சார் தேன் போடணும்?"

"எதுல போடக்கூடாதுன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு மத்த எல்லாத்துலயும் போட்டுடலாம்."

அவள் முதலில் பிஸ்கட்டில் போட்டாள். சர்க்கரை பிஸ்கட்டுக்குக் கொடுக்கிற அதே சூட்டைக் கொடுத்தாள். தேன் சீக்கிரம் நிறம் மாறும் என்று படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைந்தது. ஓவனைத் திறந்தால் தட்டு முழுக்க அட்டைக் கரி. மாப்பிள்ளை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாக்லேட்டும் போட்டீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

அடுத்த முறை சூட்டைக் குறைத்தாள். நிறம் பொன்னாக வந்தது, வாசனை வராண்டா வரை போனது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் பிஸ்கட் துணி மாதிரி மடிகிறது. காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் தேன் உறிஞ்சி வைத்திருந்தது. விற்பனை மேலாளர் ஒன்றை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் காட்டினார். எதையும் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் வாழ்கிற மனிதர் அவர். "பல்லு இல்லாதவங்களுக்குன்னு விளம்பரம் பண்ணலாம்மா, யாரும் இதுவரைக்கும் யோசிக்கல" என்றார்.

இதற்கிடையில் யாரோ தேன் டிரம்மின் மூடியைச் சரியாக மூடாமல் போக, எங்கிருந்தோ தேனீக் கூட்டம் ஒன்று தன் சொத்தைத் திருப்பிக் கேட்க வந்துவிட்டது. பாய்லர்காரர் தலையில் காலி மாவுச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தேனீ மட்டும் தாராளமாக ஆடியது. இரண்டு நாளைக்கு அவர் ஒரு கண்ணால்தான் உலகத்தைப் பார்த்தார். ஆனாலும் தேன் மேல் இருந்த காதல் குறையவில்லை.

"பானம்தான் நமக்குச் சரி" என்று வீங்கிய கண்ணோடு முடிவு செய்தார். "பச்சைத் தேன், எலுமிச்சை, சோடா. தேனுக்குச் சூடு காட்டவே கூடாது. சத்து போயிடும்னு கருத்தரங்குல சொன்னாங்க."

"தேன் தேனா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது சார். தண்ணி கலந்தா புளிக்க ஆரம்பிச்சிடும். லேசா ஒரு சூடு காட்டிடலாமே."

"வேண்டாம்மா."

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தத் தேன் ஒருமுறை நன்றாகக் கவிழட்டும், பிறகு பேசாமல் சர்க்கரைக்குத் திரும்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கெட்ட எண்ணம். போதாக்குறைக்குப் பாட்டில்களை ஓவனுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி, நல்ல கதகதப்பில் அடுக்கி வைத்ததும் அவள்தான். அது வேண்டுமென்று செய்ததில்லை. வேறு இடம் இல்லை.

கடைக்காரர்களைக் கூப்பிட்டு மாதிரி காட்டும் நாள் வந்தது. மாப்பிள்ளை புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "இயற்கையின் அமுதம்" என்று ஆரம்பித்துப் பாட்டிலின் மூடியைத் திருகினார். இயற்கை அந்த அளவுக்குக் காத்திருக்கும் என்று நினைத்தது தவறு. மூடி கூரையில் போய் முட்டியது. பானம் அவர் மூக்கு, கண்ணாடி, புதுச் சட்டை எல்லாவற்றையும் குளிப்பாட்டிவிட்டு மேசை விரிப்பில் நுரைத்துக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்துக்கே அடுத்த பாட்டில்களும் வெடிக்க ஆரம்பித்தன. கடைக்காரர்கள் கோப்பை பிடித்த கையோடு மேசைக்கு அடியில் புகுந்தார்கள். ஒரு வயதான கடைக்காரர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து தன் கோப்பையில் விழுந்ததைக் குடித்து முடித்தார். "ஒரு மாதிரி கிறுகிறுன்னு இருக்குதே" என்றார் மலர்ந்த முகத்தோடு. "வெடிக்காத பாட்டில் இன்னொண்ணு இருக்கா தம்பி?"

அன்றைக்குத் தேன் கவிழ்ந்துவிட்டது. சர்க்கரையம்மா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பிசுபிசுத்த சட்டையோடு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கிட்டே போய் நின்றாள்.

"சார், எனக்கு ஒரு மாசம் கொடுங்க. தேன் பானத்தைப் புளிக்காம ஓட்டிக் காட்டறேன். ஆனா சூடு காட்டத்தான் செய்வேன்."

"காட்டுங்கம்மா. எரிச்சே வேணாலும் காட்டுங்க."

அப்புறம்தான் அவள் தேனை உண்மையாகவே ருசி பார்த்தாள். அதுவரை சர்க்கரைக்கு வந்த சக்களத்தியாக நினைத்து முறைத்துக்கொண்டே வேலை செய்திருந்தாள். ஒரு தேன் லேசாகப் புளித்தது. இன்னொன்று தொண்டையில் காரமாகப் பிடித்தது. ஒன்றில் மழை பெய்த மரப்பட்டையின் வாசனை. சர்க்கரை என்றால் இனிப்பு, அவ்வளவுதான். தேனுக்கோ ஊரெல்லாம் உறவு. சோடாவைத் தூக்கிப் போட்டாள். இஞ்சிச் சாற்றை வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, மரப்பட்டை வாசனைத் தேனை அளவாகச் சேர்த்து, சூடு காட்டி, சூடாகவே பாட்டிலில் அடைத்தாள். கெடவில்லை, பொங்கவில்லை. குடித்தவர்கள் பேசாமல் கோப்பையை மறுபடியும் நீட்டினார்கள். பாய்லர்காரர் ஒரே வார்த்தையில் சொன்னார்: "இது சரக்கும்மா."

லேபிள் எழுதுகிற வேலை விற்பனை மேலாளருக்கு. அவர் பச்சை இலை ஒன்றைப் போட்டு, அதன் கீழே கொட்டை எழுத்தில், "சர்க்கரை துளியும் சேர்க்காதது!" என்று அச்சடித்துவிட்டார்.

"இது நல்லா இல்லையே சார்" என்றாள் அவள்.

"ஏன்? நீங்க சர்க்கரை போட்டீங்களா?"

"போடல."

"அப்புறம் என்ன? பொய் சொன்னாத்தானே தப்பு."

பதில் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது, பெட்டிகள் ஏறின, எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அந்தப் பதிலை அவள் விழுங்கிவிட்டாள்.

வீட்டில் இப்போது ஒரு மாற்றம். அவள் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து வாயைக் கட்டி வாழ்கிற கோபம் முழுவதையும் பேப்பர் படிக்கும்போது அரசாங்கத்தின் மேல் காட்டுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று சீட்டி அடிக்க ஆரம்பித்தார். மாலையில் "காலாற நடந்துட்டு வரேன்" என்று தானாகவே கிளம்பினார். நடக்கச் சொல்லித் தொண்டை வறண்டவள் அவள். முதலில் பூரித்துப் போனாள். பிறகுதான் கவனித்தாள். அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. சீட்டி பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. "வெயில்" என்றார் அவர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்னங்க இது? என்ன சாப்பிடறீங்க?"

"இவ போடறதைத்தான் சாப்பிடறேன் டாக்டர். சத்தியமா சர்க்கரையைக் கண்ணால கூடப் பார்க்கல."

"இனிப்பு ஏதாவது? குளிர்பானம்?"

"ஒரே ஒரு பானம்தான். சாயங்காலம் ரெண்டு பாட்டில், சில நாள் மூணு. அது சர்க்கரை இல்லாதது டாக்டர். கடைக்காரன் எடுத்து வச்சிடுவான்." அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் காட்டினார். "இவ தயாரிச்சதுதான்!"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். தரையில் புகுந்துகொள்ள இடம் இல்லை.

"தேன் பானமா? தேன்ல என்னங்க இருக்கு, உப்பா?" என்றார் டாக்டர்.

மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்து, கொஞ்சம் தாமதித்திருந்தால் படுக்கையில் போட்டிருக்க வேண்டும் என்று இருவரையும் சேர்த்துத் திட்டி அனுப்பினார். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா தரமாட்ட."

"தரமாட்டேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

அவர் டிக்கெட்டைச் சுருட்டினார். "இத்தனை வருஷமா நீ என்னென்னவோ பண்ணின. ஊரே குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லுது. நான் ஒண்ணைக்கூட வாயில வச்சதில்ல. இதுல மட்டும்தான் எனக்கும் குடிக்கலாம்னு போட்டிருந்துது."

அவளுக்குத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

மறுநாள் அவள் சமையலறைக்குப் போகவில்லை. நேராக மாப்பிள்ளையின் அறைக்குள் போய், பாட்டிலை அவர் மேசையில் டங்கென்று வைத்தாள். விற்பனை மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இந்த வரியை எடுக்கணும் சார். தேனும் சர்க்கரை மாதிரிதான் உடம்புல ஏறும்னு போடணும்."

விற்பனை மேலாளர் தேள் கொட்டியது போல எழுந்தார். "ஏம்மா, உங்க பிள்ளை மாதிரிம்மா இந்தப் பானம்! அதுக்கு நீங்களே குழி வெட்டறீங்களா? அந்த வரியாலதான் ஓடுது!"

"ஓடுது சார். எங்க வீட்டுக்காரருக்குள்ளயும் ஓடிச்சு. நேத்து டாக்டர் எங்க ரெண்டு பேரையும் காய்ச்சி எடுத்துட்டார். சர்க்கரை இருக்கிறவங்கதான் இந்த வரியைப் படிச்சு நம்பி வாங்கறாங்க."

மாப்பிள்ளை தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். லேபிள் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது.

"சர்க்கரை இருக்கிறவங்க குடிக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது சார்."

"ஐயையோ! மாமாவுக்கு நான்தான் வாரா வாரம் ஒரு பெட்டி வீட்டுக்கு அனுப்பறேன்!"

அவர் மாமனார், அதாவது முதலாளிக்குச் சர்க்கரை வந்து நெடுநாள் ஆகிறது. மாப்பிள்ளை ஃபோனைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. "மாமா, அந்தப் பாட்டிலைக் கீழ வைங்க! இல்ல மாமா, விளையாடல! அத்தையைக் கூப்பிடுங்க!" என்று அவர் போட்ட கூச்சல் வாசல் காவலாளிக்கும் கேட்டது. மறுமுனையில் முதலாளி, பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதை மட்டும் முடித்துவிடலாமா என்று பேரம் பேசியது அறையில் இருந்த மூவருக்கும் தெளிவாகக் கேட்டது. முதலாளி அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துச் செல்லப்பட்டார். பழைய லேபிள் கட்டுகள் அதற்கு முன்பே குப்பைக்குப் போயிருந்தன. கடைகளில் இருந்த பாட்டில்களையும் லாரி அனுப்பித் திருப்பி வாங்கினார்கள்.

புது லேபிளில் பச்சை இலை இல்லை. "தேனும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆகாது" என்று பளிச்சென்று இருந்தது. விற்பனை மேலாளர் அதைப் பார்த்துச் சொந்தக்காரர் சாவுக்கு வந்தவர் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவர் பயந்தது போலவே விற்பனை கொஞ்சம் படுத்தது. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தது. விளையாடிக் களைத்தவர்களும் தொண்டை கட்டியவர்களும் வாங்கினார்கள். ஓகோ என்று ஓடவில்லை, நிதானமாக நடந்தது. மாப்பிள்ளைக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் கணவரின் சீட்டி நின்றுவிட்டது. ஆனால் மாலை நடை நிற்கவில்லை. நடக்கிற இடத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, "தேன்னா சும்மா இல்லய்யா, அதுவும் சர்க்கரைதான். யாருக்குத் தெரியும் இதெல்லாம்?" என்று, தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கம் கொடுத்தார். பக்கத்தில் அவளும் நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தாள். எலுமிச்சைத் தோல், இஞ்சி, புதினா, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையும் இல்லை, தேனும் இல்லை. குளிர வைத்து, உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கும் இல்ல."

அவர் ஒரு மடக்குக் குடித்தார். முகம் எட்டாக மடிந்து விரிந்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி வரைக்கும் குடித்து முடித்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

அது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் எலுமிச்சைத் தோலைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள்.