தலைவரின் மனைவிக்கு வேலை இருக்கிறது

துபாயில் நாங்கள் போய்வரும் தமிழ்ச் சங்கத்துக்கு என் கணவர் தலைவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், முதல் மனைவியை இழந்தவர். முழங்கால் ஆபரேஷனுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அந்த வார்டில் நர்ஸ். காலை ஊன்றப் பயந்து கட்டிலிலேயே கிடந்தவரை அதட்டி நடக்க வைத்தேன். அந்த அதட்டல்தான் பிடித்தது என்று பிறகு சொன்னார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. தூத்துக்குடியில் என் சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசட்டும் என்று கட்டிக்கொண்டேன்.

கல்யாணமான கையோடு நான் ஊருக்கே அண்ணியாகிவிட்டேன். அவர் எல்லோருக்கும் அண்ணன் அல்லவா? அதனால் என் அம்மா வயதுப் பெண்கள்கூட என்னை "அண்ணி" என்றார்கள். விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதும் விருந்தினரின் மனைவிக்குப் பொன்னாடை போர்த்துவதும் அண்ணியின் பொறுப்பு. வாய் திறப்பது அதில் சேர்த்தியில்லை. டூட்டி முடிந்து ஓடிவந்து பட்டுச்சேலையைச் சுற்றிக்கொள்வேன். லீவு கிடைக்காத நாளில் நான் இல்லாமலே விளக்கேற்றினார்கள். அது அவருக்கு உறுத்தியது.

"வேலைய விட்டுரும்மா. விசாவ என் பேர்ல மாத்திக்கலாம்."

"மாட்டேன்."

"சங்கத்துல என்ன பேசுறாங்க தெரியுமா? தலைவர் பொண்டாட்டி பெட்பேன் எடுக்கிறாளாம்."

"ஆமா, எடுக்கேன். உங்களுக்கும் எடுத்தேன்ல?"

அத்தோடு பேச்சு முடிந்தது என்று நம்பினேன். பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்தவர், "உங்கள் அண்ணி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இனி நம் மகளிர் அணியை முழுநேரமும் கவனிக்கப் போகிறார்" என்று அறிவித்தார். ஒரே கைதட்டல். யாரோ என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பேர் முன்னால் மறுக்க மாட்டேன் என்றுதானே இப்படிச் செய்தார்? எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"வணக்கம். தலைவர் அவசரப்பட்டுட்டாங்க. நான் வேலைய விடல. விடவும் மாட்டேன். நாளைக்குக் காலையில எனக்கு டூட்டி இருக்கு."

முன்வரிசை தலைவரைப் பார்த்தது. பின்னால், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்திருந்த ஆட்கள் விசிலடித்தார்கள். பொன்னாடையை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது.

காரில் ஏறியதும், "என் மானத்த வாங்கிட்டியே" என்றார்.

"என்னைக் கேக்காம என் வேலைய நீங்க ராஜினாமா பண்ணலாம், நான் பேசக் கூடாதாக்கும்?"

"நான் தலைவர்ம்மா."

"அடுத்த எலெக்‌ஷன்ல வேற ஒருத்தர் தலைவர். அப்போ யாரு என்னை அண்ணின்னு கூப்பிடுவா? நான் அப்பவும் நர்ஸ்தான்."

வீட்டுக்கு வந்து யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டேன். கதவோரம் வந்து நின்றார்.

"காலையில நான் கொண்டுபோய் விடவா?"

"ஆஸ்பத்திரி பஸ் வரும். நீங்க தூங்குங்க" என்றேன்.