உயிரைக் கொல்லச் சொன்ன எமிலி அம்மாள்

ஞாயிறு பூசை முடிந்து சாந்தோம் கோயில் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது, எமிலி அம்மாள் காலையில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். எனக்குத் துக்கம் வரவில்லை. டெலிபோன் நிலையத்தில் அவருக்குக் கீழே நெடுநாள் வேலை பார்த்தவள் என்பதால் நிலையத்தார் என்னை நினைவஞ்சலி எழுதச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். கேட்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த நீங்கள், நான் சொல்வதில் பொய் இருந்தால் சொல்லுங்கள்.

யுத்த காலத்தில் புதிதாக எடுத்த பெண்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். எங்களில் பலருக்கு ‘ஸ்ட்ரீட்’ என்று வராது; முன்னால் ஒரு ‘இ’ ஒட்டிக்கொள்ளும். இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதை எங்கள் நாக்கு பொறுப்பதில்லை. “மெய்யும் மெய்யும் சேர்ற இடத்துல உங்க வாய் ஒரு உயிரைச் சொருகிடுது. அந்த உயிரைக் கொன்னாத்தான் இங்கிலீஷ்” என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

ஒருநாள் யாரோ ஒரு துரைக்கு இணைப்புக் கொடுக்கையில் நான் ‘இஸ்டேஷன்’ என்றுவிட்டேன். எமிலி அம்மாள் தன் கருவியிலிருந்து குறுக்கே புகுந்து சொல்லைத் திருத்தினார். பிறகு, புதுப்பெண், வாய் இன்னும் கழுவவில்லை என்று நான் கேட்கும்படியே அந்தத் துரையிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் துரை சிரித்தது என் காதில் விழுந்தது.

நானாவது தாங்கிக்கொண்டேன். ஜைனப்பை அவர் படுத்திய பாடு வேறு. என்னோடு பயிற்சியில் இருந்தவள்; ராயப்பேட்டையிலிருந்து வந்தவள், உருது பேசுகிற வீடு. புருஷன் போனபின் மைத்துனர் வீட்டில் சமையலறையே கதி என்று இருந்தாள். பயிற்சி முடிவில் வைக்கும் பரீட்சையில் தேறினால் வேலைக்குப் போகலாம், தேறாவிட்டால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது மைத்துனர் போட்ட நிபந்தனை. அதை எமிலி அம்மாளிடம் அவளே சொல்லியிருந்தாள். பாடச் சொற்கள் அத்தனையையும் டிராமில் வரும்போது முணுமுணுத்துப் பழகினாள்.

பரீட்சையன்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஜைனப் எல்லாச் சொற்களையும் பிசகாமல் சொன்னாள். அவர் தலையாட்டினார். அப்போது எமிலி அம்மாள், எங்களுக்குச் சொல்லியே தராத ‘ட்வெல்ஃப்த்ஸ்’ என்ற சொல்லைக் கொடுத்தார்; பன்னிரண்டில் பங்குகள் என்று அர்த்தம். கடைசியில் நான்கு மெய்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் சொல். ஜைனப் தயங்கி, “டுவெல்ஃபித்ஸ்” என்றாள். டெலிபோனில் இதையெல்லாம் யார் பேசப்போகிறார்கள் என்று அதிகாரியே கேட்டார். எமிலி அம்மாள் பிடிவாதமாக நின்றார். ஜைனப்புக்கு வேலை இல்லை என்றானது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் நேரில் கேட்டேன்.

“நான் வேலை கேட்டு வந்தப்ப என்னை வாசல்லயே நிக்க வெச்சாங்க, தெரியுமா? தமிழ்க்காரிக்கு நாக்கு திரும்பாதுன்னு சொன்னாங்க. இவளை விட்டா நாளைக்கு நம்ம எல்லாரையும் அதையே சொல்லி வெளிய தள்ளுவாங்க.”

“உங்களைத் தள்ளினவங்களை விட்டுட்டு அவளைத் தள்ளினீங்களே.”

“போய் உன் போர்டைப் பாரு” என்று இணைப்புப் பலகையைக் காட்டினார்.

அவருக்கும் ஒரு காயம் இருந்தது என்று இப்போது பலர் பரிந்து பேசுகிறார்கள். இருக்கட்டும். அந்தக் காயத்துக்கு மருந்து ஜைனப்பின் பிழைப்பு அல்ல.

செய்தி கேட்ட அன்றே ராயப்பேட்டையில் அந்த மைத்துனர் வீட்டுக்குப் போனேன். ஜைனப் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் கை நின்றது.

“கடைசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தாங்கக்கா?”

“யாருமில்ல.”

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லி அதட்டும் குரல் கேட்டது. “கூப்பிடறாங்கக்கா” என்று மசாலாவை வழித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போனேன், ஒரு பிடி மண்ணும் போட்டேன். எமிலி அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் ஆங்கிலம். தினமும் காலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு “நம்பர் ப்ளீஸ்” என்கிறேன். சுத்தமாக வருகிறது. வருவது அவர் குரல். பிடுங்கி எறிய முடியுமானால் எறிந்திருப்பேன்; அதில்தான் சாப்பிடுகிறேன்.